கையைத் தூக்கினேன், குதிகாலைப் பார்க்கவில்லை

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34. பதினைந்து வருஷமாக ஊர் கால்பந்து டீமில் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் பின்வரிசையின் நடுவில் நிற்கிறவர், விசைப்படகில் வேலை. இந்த வருஷம் 19 வயதில் ஒருவன், 21 வயதில் ஒருவன் என்று இரண்டு பையன்கள் பேக் லைனுக்கு, அந்தப் பின்வரிசைக்கு, வந்துவிட்டார்கள். மாஸ்டர், அதாவது டீம் கோச், இவரைக் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் இறக்குகிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அண்ணே, ஹெட் எடுக்கிறதுல இன்னைக்கும் அவனுங்க ரெண்டு பேரும் என் கிட்ட வர முடியாது. ஆட்டமும் எனக்குத் தெரியும். முன்ன மாதிரி ஏறிப் போகாம இப்ப ரெண்டடி பின்னால நின்னு சேஃபாத்தான் ஆடுறேன். அப்புறம் ஏன் உட்கார வைக்கிறாங்க? நிறுத்திடவா, இல்ல ஹாஃப்ல போய் ஆடவா? புது பூட்ஸ் வாங்கினா காலுக்குப் பிடிப்பு கிடைக்குமா?"

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. "ரெண்டடி பின்னால நின்னு சேஃபா" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அதே இரண்டடியில்தான் என் இடத்தை விட்டேன்.

அப்போது எனக்கு 33. எங்கள் ஊர் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில், தென்கடல் ஓரம். கிரவுண்டு என்று பெயர்தான், பாதி மணல், பாதி காய்ந்த களி. வடக்கே சீமைக்கருவேலங்காடு, தெற்கே நாலு பனை, அதற்கப்பால் கடல். பந்து காட்டுக்குள் போனால் எடுத்து வருகிறவன் முதலில் காதருகே வைத்துக் கேட்பான், 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான், முள் ஏறிவிட்டது. கோல் போஸ்ட் இரண்டும் கிழக்கும் மேற்குமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஆட்களும் கரையில் இருப்பார்கள், அதனால் எங்கள் பக்கம் டோர்னமென்ட் நடப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தில்தான். வைகாசி பிறந்தால் கச்சான், மேற்கிலிருந்து வருகிற காற்று, எடுக்க ஆரம்பிக்கும். எங்கள் கிரவுண்டில் மேற்கு போஸ்டை அடிக்கிறவனுக்குக் காற்று மூஞ்சியில், கிழக்கு போஸ்டை அடிக்கிறவனுக்குக் காற்று முதுகில்.

அன்றைக்கு அரையிறுதி. இரண்டாவது பாதியில் நாங்கள் எதிர்க்காற்றில். அவர்களுடைய கீப்பர் உதைக்கிற பந்தெல்லாம் காற்றில் ஏறி, விழ வேண்டிய இடத்தைத் தாண்டி என் தலைக்கு மேலே போகிறது. நான் என்ன செய்தேன்? அனுபவசாலி இல்லையா, இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் ஆடிய ஸ்டாப்பர் இருபது வயதுப் பையன், அவனும் இரண்டு விங் பேக்கும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள், நான் மட்டும் வரிசையில் பின்னால் தள்ளிப்போன பல் மாதிரி. அவர்களுடைய ஹாஃப், அதாவது நடுக்கள ஆட்டக்காரன், ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்து எங்கள் பேக்குகளுக்குப் பின்னால் ஒரு த்ரூ பாஸ் போட்டான். ஃபார்வர்டு அந்தப் பையனின் தோளைத் தாண்டி ஓடுகிறான். நான் ஓடவில்லை. ஆஃப்சைடு என்று கையைத் தூக்கினேன், பந்து கிளம்பும்போது கீப்பரை விட்டால் கடைசியாக நிற்கிற பேக்கையும் ஃபார்வர்டு தாண்டி நின்றால் ஆஃப்சைடு, கோல் செல்லாது. லைன்ஸ்மேன் என் கையைப் பார்க்கவே இல்லை, என் காலைப் பார்த்தார், கொடி இறங்கியே இருந்தது. கோல். நான் போய் அவரிடம் சண்டை போட்டு மஞ்சள் அட்டையும் வாங்கினேன்.

மறுநாள் டீக்கடையில் ஒருத்தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். பதினைந்து விநாடிகூட இருக்காது. பந்து காலை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் நிறுத்திப் பார்த்தால், ஃபார்வர்டு மற்ற மூன்று பேரையும் தாண்டித்தான் நிற்கிறான், சந்தேகமே இல்லை, ஆனால் என் இடது குதிகால் அவனுக்கும் பின்னால், எங்கள் கோல் பக்கம் இருக்கிறது. ஆஃப்சைடு சட்டத்தில் கை கணக்கில் வராது, தலையும் உடம்பும் காலும்தான் வரும். அதாவது நான் தூக்கிய கைக்கு அங்கே எந்த வேலையும் இல்லை, அவனை ஆட்டத்தில் வைத்திருந்தது என் குதிகால். அடுத்த ஆட்டத்திலிருந்து நான் பெஞ்ச்.

அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது என்ன தெரியுமா? "இளவட்டங்களுக்கு லைன் பிடிக்கத் தெரியவில்லை, நான் இல்லாவிட்டால் தெரியும் சேதி." லைனை உடைத்தவனே நான்தான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

ஏன் ஸ்டாப்பர் ஒருவன் முப்பதைத் தாண்டினால் பின்னால் போகிறான்? பயந்து இல்லை, உடம்புதான் இழுக்கிறது. வேகத்துக்கு வேலை செய்கிற தசை இழைகள்தான் வயதானால் முதலில் மெலியும். முப்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும் என்பது மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, உழைக்கிற உடம்பில் இது மெதுவாக நடக்கும். ஆனால் ஸ்டாப்பருக்கு அடி விழுவது நேர் ஓட்டத்தில் இல்லை. நேராக ஓடவிட்டால் நீங்கள் இன்றைக்கும் அந்த 21 வயதுக்காரனுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். திரும்புவதில்தான் தெரியும். பந்தைப் பார்த்தபடி முன்னால் நின்றுகொண்டிருந்தவன் சட்டென்று நின்று, இடுப்பைத் திருப்பி, கோல் பக்கம் பார்த்து முதல் மூன்று எட்டு வைக்கிறானே, அந்த மூன்று எட்டு. இருபது வயதில் அது ஒரே அசைவு. முப்பத்து நாலில் அது நிற்பது, திரும்புவது, கிளம்புவது என்று மூன்று வேலையாகப் பிரிந்துவிடும். அந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. உடம்பு தானாகவே இரண்டடி பின்னால் போய், திரும்ப வேண்டிய தேவையைக் குறைத்துக்கொள்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அவன் விநாடிக்கு 8 மீட்டர் ஓடுகிறான், நீங்கள் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தூரத்தில் பந்து. அவனுக்கு இரண்டரை விநாடி, அதற்குள் நீங்கள் போயிருப்பது பதினேழரை மீட்டர். இரண்டரை மீட்டர் குறைகிறது. இதைச் சரிக்கட்ட இரண்டு வழி. ஒன்று, இரண்டரை மீட்டர் பின்னால் நிற்பது, அதைத்தான் நீங்களும் நானும் செய்தோம். இன்னொன்று, ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு முன்கூட்டிக் கிளம்புவது. அந்த மூன்றில் ஒரு பங்கு விநாடி காலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. பதினைந்து வருஷம் ஆடியவனுக்கு அது கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் பதினைந்து வருஷமும் பந்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம்.

எதைப் பார்த்துக் கிளம்புவது? பந்து வைத்திருப்பவனைப் பாருங்கள். அவன் மேல் யாரும் போகவில்லை, தலை நிமிர்ந்திருக்கிறது, நம் கோலைப் பார்த்து நிற்கிறான், கால் பின்னால் போகிறது என்றால் பந்து முதுகுக்குப் பின்னால் வரப்போகிறது, அப்போது லைன் முழுக்க நம் கோல் பக்கம் இறங்க வேண்டும். அவன் தலை குனிந்திருக்கிறது, அல்லது அவனுடைய கோல் பக்கம் திரும்பியிருக்கிறான், அல்லது நம் ஹாஃப் அவன் மேல் ஏறிவிட்டான் என்றால் அவனால் நீளமாகப் போட முடியாது, அப்போது லைன் முழுக்க ஏற வேண்டும். இறங்குவதும் ஏறுவதும் தப்பே இல்லை, தனியாக இறங்குவதுதான் தப்பு. உங்களுக்கு இறங்க வேண்டும் என்று தோன்றினால் "இறங்கு" என்று வாயைத் திறந்து கத்துங்கள், நாலு பேரும் இறங்கட்டும். கத்தாமல் நீங்கள் மட்டும் நழுவினால் அது சேஃப் இல்லை, எதிராளிக்குக் கொடுக்கிற வழி.

அப்புறம் நிற்கிற விதம். நெஞ்சைப் பந்துக்கு நேராகக் காட்டி, இரண்டு காலும் சமமாக வைத்து நிற்கிற பழக்கம் நம் ஊர்ப் பேக்குகள் பாதிப் பேருக்கு உண்டு. முப்பதுக்கு மேல் அதை விட்டுவிடுங்கள். பாதி திரும்பி நில்லுங்கள், ஒரு தோள் பந்துப் பக்கம், ஒரு தோள் நம் கோல் பக்கம். திரும்புகிற வேலையில் பாதி முன்பே முடிந்துவிடும். ஃபார்வர்டு எங்கே என்று நாலைந்து விநாடிக்கு ஒருமுறை தோளுக்கு மேலே பாருங்கள். கேட்க லேசாக இருக்கிறது. ஒரு ஆட்டம் முழுக்கச் செய்து பாருங்கள், கழுத்து வலிக்கும். அந்த வலி வந்தால்தான் சரியாகச் செய்தீர்கள் என்று அர்த்தம்.

காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, கடலில் போகிறவர். ஆனால் எனக்கு ஒரு விஷயம் புரியாது. படகில் நிற்கும்போது கச்சானா, கிழக்கிலிருந்து வருகிற கொண்டலா, எந்நேரம் திரும்பும் என்று காதோரம் வைத்துச் சொல்லிவிடுகிறவன், கிரவுண்டில் இறங்கியதும் காற்றே இல்லாத மாதிரி ஆடுகிறான். காற்று நம் முகத்தில் அடித்தால் எதிராளி உதைக்கிற பந்து நீளும், நம் கீப்பர் உதைக்கிறது நடுவிலேயே நின்று திரும்பும். காற்று முதுகில் இருந்தால் அவன் தூக்கிப் போடுகிற பந்து மேலே நின்று செங்குத்தாக விழும், அதற்குப் பின்னால் ஓடினால் ஏமாந்தீர்கள், முன்னால் வர வேண்டும். 19 வயதுப் பையனுக்கு இது தெரியாது. அவன் வேகத்தை வைத்துத் தப்பைச் சரிக்கட்டிவிடுவான், உங்களுக்கு அந்த வசதி இல்லை, அதனால் தப்பே செய்யக் கூடாது.

பெரிய ஆட்டக்காரர்கள் கதையும் கொஞ்சம் சொல்கிறேன், ஆறுதலுக்காக இல்லை. இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் ஸ்டாப்பராக ஆடிய ஜான் டெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில் கணுக்காலில் அடிபட்டு உட்கார்ந்தார். அவர் இல்லாத நேரத்தில் டீம் லிவர்பூலிடமும் ஆர்சனலிடமும் தோற்றது. வேறு யாராக இருந்தாலும் "பாத்தியா, நான் இல்லாம தோத்துட்டாங்க" என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கோச் கோண்டே அதற்குப் பிறகு ஆட்டத்தின் அமைப்பையே மாற்றி மூன்று பேரைப் பின்னால் வைத்தார், லீகில் தொடர்ந்து 13 ஆட்டம் ஜெயித்தார்கள். டெர்ரி தேறி வந்தபோது அவர் விட்டுப்போன இடம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. கேப்டன், லீக் பட்டமும் ஜெயித்தார், ஆனால் அந்த சீசன் லீகில் ஆடியது 9 ஆட்டம்தான். இது முக்கியம் தம்பி. சில நேரம் நம் இடத்தை இன்னொருவன் எடுப்பதில்லை, ஆட்டம் மாறும்போது அந்த இடமே போய்விடுகிறது. உங்கள் மாஸ்டர் போன வருஷம் வரை கோலுக்கு முன்னால் இருக்கிற பெனால்டி பெட்டிக்குப் பக்கத்தில் கும்பலாக நின்று அடித்துத் துரத்துகிற ஆட்டம் ஆட வைத்தார், இந்த வருஷம் பையன்களை வைத்து மேலே ஏறி அழுத்துகிற ஆட்டம் என்றால், அவர் உங்களை ஒதுக்கவில்லை, வேறு வேலைக்கு ஆள் எடுக்கிறார். இதை அவரிடம் நேராகக் கேளுங்கள். "ஏன் சார் என்னை எடுக்கல" என்று கேட்காதீர்கள், அதற்கு எந்த மாஸ்டரும் உண்மையைச் சொல்ல மாட்டார். "சார், லைன் எங்க நிக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க" என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே உங்கள் பதிலும் வந்துவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரேசில் ஸ்டாப்பர் தியாகோ சில்வா செல்சிக்கு வந்தது 2020இல், வந்த அடுத்த மாதம் 36 ஆனது. அங்கே அவரை நடுவில் வைத்து, ஒரு பக்கம் ரூடிகர், இன்னொரு பக்கம் ஆஸ்பிலிக்வேத்தா என்று ஓடுகிறவர்களைக் கொடுத்தார்கள். விரட்டுகிற வேலை அவர்களுக்கு, ஆட்டத்தைப் படிக்கிற வேலை இவருக்கு. 2021இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. ஆனால் அந்த இறுதி ஆட்டத்திலேயே முதல் பாதி முடிவதற்குள் அடிபட்டு வெளியே போனார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், யாரும் அதைச் சொல்வதில்லை. இத்தாலியின் ஸ்டாப்பர் பரேசிக்கு அப்போது உங்கள் வயதுதான், 34. 1994 உலகக் கோப்பையில் முட்டியில் சவ்வு கிழிந்து, அறுவைசிகிச்சை செய்து, மூன்றரை வாரத்தில் இறுதி ஆட்டத்துக்கு வந்து, பிரேசிலுக்கு எதிராக 120 நிமிஷம் ஒரு கோல் விடாமல் நின்றார். கடைசியில் பெனால்டியை மேலே அடித்தார், அது வேறு கதை. நம் நாட்டில் மலப்புரத்து அனஸ் எடத்தொடிகா இந்திய அணிக்கு முதல்முறையாக ஆடியதே 30 வயதில், அதுவும் ஸ்டாப்பராக. ஃபார்வர்டு என்றால் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

இதிலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அந்த இரண்டு பையன்களில் ஒருவனோடு ஜோடியாக ஆடுகிற மாதிரி உங்களை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். அவர்கள் இரண்டு பேரும் வேகம், சரி. இரண்டு வேகக்காரர்கள் சேர்ந்து நின்றால் இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் போவார்கள், கவனித்திருக்கிறீர்களா? பெஞ்சில் உட்கார்ந்து வேறெதையும் பார்க்காதீர்கள், இதை மட்டும் எண்ணுங்கள், ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை இரண்டு பேரும் ஒரே ஆளிடம் போனார்கள் என்று. அந்த எண்ணிக்கையோடு மாஸ்டரிடம் போனால் அது புகார் இல்லை, யோசனை. "நீ அடி, நான் கவர்" என்று ஒருவன் சொல்ல வேண்டிய இடம் அங்கே காலியாக இருக்கிறது.

பையன்களிடம் பேசுகிறீர்களா? உங்கள் கேள்வியில் அவர்கள் "அவனுங்க" என்றுதான் வருகிறார்கள். நான் பெஞ்சுக்குப் போன வருஷம் கோல் போஸ்டுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன், என் இடத்தில் ஆடிய பையன் தப்புப் பண்ணினால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மறைக்க என்ன இருக்கிறது. அவன் ஒருநாள் வந்து, "அண்ணே, கீப்பர் பால் வர்றப்ப நான் எங்க நிக்கணும், எனக்குத் தெரியவே இல்ல" என்றான். எனக்குச் சுருக்கென்றது. எனக்கும்தான் இருபது வயதில் தெரியாது, எனக்கு ஒரு மாமா சொல்லிக் கொடுத்தார், பனை மரத்தடியில் உட்கார்ந்து வெறும் செருப்புகளை வரிசையாக வைத்து. அதே மாதிரி செருப்பை வைத்து அவனுக்குச் சொன்னேன். சொல்லும்போதுதான் என் செருப்பு மட்டும் ஏன் பின்னால் இருக்கிறது என்று எனக்கே புரிந்தது.

ஹாஃபில் ஆடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். வயதானால் ஸ்டாப்பரை நடுவில் போடு என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், ஏனென்றால் அங்கே தப்புப் பண்ணினால் உடனே கோல் ஆகாது. ஆனால் ஓட்டக் கணக்கைப் பாருங்கள். பெரிய லீக் ஆட்டங்களில் கீப்பரை விட்டால் ஒரு ஆட்டத்தில் குறைவாக ஓடுகிறவர் ஸ்டாப்பர்தான், சுமார் 10 கிலோமீட்டர். நடுக்கள ஆட்டக்காரர் 11, 12 வரை போவார். கால் வேகம் குறைந்துபோன ஆளை அதிகம் ஓடுகிற இடத்துக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்? அதிலும் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆள் வருகிற இடம் அது, பதினைந்து வருஷம் ஆட்டம் முழுவதையும் கண்ணுக்கு முன்னால் வைத்து ஆடிய ஸ்டாப்பருக்கு அங்கே திக்குத் தெரியாது. விங் பேக்காக இருந்தவன் வயதானால் ஸ்டாப்பராக உள்ளே வரலாம், இத்தாலியின் மால்தினி அப்படித்தான் லெஃப்ட் பேக்கிலிருந்து நடுவுக்கு வந்து 40 வயது வரை மிலானுக்கு ஆடினார். ஸ்டாப்பர் போகக்கூடிய இடம் என்று ஒன்று உண்டென்றால் அது செவன்ஸ், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம். சின்ன கிரவுண்டு, ஆஃப்சைடு வைக்காத ஆட்டமாக இருந்தால் லைன் பிரச்சினையே கிடையாது, உங்கள் இரண்டடி அங்கே செல்லும்.

இனி நீங்கள் எழுதாத ஒன்று. விசைப்படகில் போகிறேன் என்கிறீர்கள். உங்கள் பக்கம் திங்கள், புதன், சனி என்று போகிறவர்கள். சனிக்கிழமை போய் ஞாயிறு காலை கரைக்கு வந்து, மீன் எடை போட்டு, வலையைப் பார்த்து, மதியம் ஒரு மணி நேரம் படுத்து, சாயந்திரம் நாலு மணிக்கு ஆடுகிறீர்களா இல்லையா? அந்த 19 வயதுப் பையன் கல்லூரியில் படிக்கிறவனாக இருந்தால் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வருகிறான். உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் பதினைந்து வயது வித்தியாசம் என்று நினைக்கிறீர்கள். அதில் பாதி வயசே இல்லை, தூக்கம். சனிக்கிழமை பங்கை விட்டுவிட்டு ஆட வா என்று சொல்ல நான் யார், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் ஆடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வைத்துச் செய்யாதீர்கள். தடைக்காலத்தில், இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்கிய பிறகு உங்கள் கால் எப்படி இருக்கிறதோ அதுதான் உங்கள் கால்.

தொடைக்குப் பின்னால் இழுப்பு வந்திருக்கிறதா? வந்திருந்தால் மறுபடி வரும், வயதும் பழைய இழுப்பும்தான் அதற்குப் பெரிய காரணங்கள். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, நார்டிக் என்பார்கள், ஜிம் எதுவும் வேண்டாம், மணல் போதும். முட்டி போட்டு நில்லுங்கள், பின்னால் ஒருவன் இரண்டு கணுக்காலையும் அமுக்கிப் பிடிக்கட்டும், முட்டியிலிருந்து தலை வரை வளையாமல் மெதுவாக முன்னால் சாயுங்கள், தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஐந்துக்கு மேல் வேண்டாம், மறுநாள் படியேற முடியாமல் என்னைத் திட்டுவீர்கள். விடாமல் செய்கிற டீம்களில் இந்த இழுப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கணுக்காலைப் பிடிக்க அந்த 21 வயதுக்காரனைக் கூப்பிடுங்கள், பேச்சும் ஆரம்பிக்கும்.

நிறுத்திவிடவா என்று கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று நான் சொல்ல முடியாது, ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்வது என்று சொல்லலாம். கோல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், உங்கள் கையைப் பாருங்கள். கால் போய்ச் சேராத இடத்துக்குக் கை போகும். சட்டையைப் பிடிப்பது, இடுப்பைச் சுற்றிக் கையைப் போடுவது, பின்னாலிருந்து தோளில் அமுக்குவது. 2021இல் யூரோ இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் கியெல்லினி, இங்கிலாந்துப் பையன் சாக்காவைக் கோட்டருகே காலரைப் பிடித்து இழுத்தாரே, அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு 36, சாக்காவுக்கு 19. பந்து எகிறியதைக் கணக்குத் தவறி, பையன் தாண்டிவிட்டான், கை போய்விட்டது. மஞ்சள் அட்டையோடு முடிந்தது, கோப்பையையும் ஜெயித்தார்கள், அதனால் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஆட்டத்தில் ஒருமுறை என்றால் அது தந்திரம். ஒவ்வொரு பாதியிலும் மூன்று நாலு முறை உங்கள் கை போகிறது, அதுவும் பெட்டிக்குள் போகிறது என்றால் காலுக்கு முடியவில்லை என்று உடம்பே எழுதிக் கொடுக்கிறது. யாரையாவது உங்கள் ஒரு ஆட்டத்தை முழுக்க போனில் எடுக்கச் சொல்லுங்கள். பந்தின் பின்னால் கேமரா போகக் கூடாது, பேக் லைன் மட்டும் தெரிய வேண்டும். இரண்டை எண்ணுங்கள்: எத்தனை முறை கை போனது, எத்தனை முறை உங்கள் குதிகால் வரிசையை விட்டுப் பின்னால் இருந்தது. இரண்டாவதுதான் அதிகம் என்றால் ஒரு மாதப் பயிற்சியில் திருத்தலாம், இடத்துக்குப் போட்டி போடுங்கள். முதலாவது அதிகம் என்றால் செவன்ஸ் ஆடுங்கள், பையன்களுக்குச் செருப்பு வைத்துச் சொல்லிக் கொடுங்கள். முட்டி வீங்கி மறுநாளும் வற்றவில்லை என்றால் அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹெட் விஷயம். உண்மையாகவே அந்த இரண்டு பேரையும் விட நீங்கள் நன்றாக எடுப்பீர்கள், நம்புகிறேன். கடைசிப் பத்து நிமிஷம் உங்களை இறக்குகிறார் என்றால் மாஸ்டரும் அதை நம்புகிறார், அந்த நேரத்தில்தானே எல்லாப் பந்தும் மேலே வரும். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். இறங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்பே கோட்டோரம் ஓடி உடம்பைச் சூடாக்குங்கள், பெஞ்சில் குளிர்ந்து கிடந்த தொடையோடு முதல் பந்துக்கே எகிறினால் அன்றைக்கே இழுத்துக்கொள்ளும்.

பூட்ஸ் வாங்காதீர்கள். நம் கிரவுண்டு மணலுக்கும் காய்ந்த களிக்கும் நீள ஸ்டட் பிடிக்காது, களியில் மாட்டிக்கொண்டு கால் நின்றுவிடும், முட்டி மட்டும் திரும்பும், உங்கள் வயதில் அதைவிட ஆபத்து வேறில்லை. சின்னச் சின்னக் குமிழ் நிறைய வைத்த டர்ஃப் ஷூ பழசு ஒன்று வீட்டில் கிடந்தால் அதுவே போதும். அடியில் கருவேல முள் ஒடிந்து நிற்கிறதா என்று மட்டும் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.